கறிக்கடை மிலாடாவும் மடக்கு ஸ்டூலும்

லிப்னிக் ஊரில் கறிக்கடை மிலாடாவின் வாயில் விழாமல் தப்பியவர்கள் இரண்டே வகை. இறைச்சி தின்னாதவர்கள் ஒன்று, செத்துப்போனவர்கள் ஒன்று. செத்தவர்களையும் அடக்கம் முடிந்து கொஞ்ச நாள் வரைக்கும் விடமாட்டாள். ஹாம் சீவிக்கொண்டே பேசுவாள். கத்தியும் நாக்கும் ஒரே வேகத்தில் போகும். சதுக்கத்து மூலையில் இருந்த அந்தக் கடைக்கு, கால் கிலோ சாசேஜ் வாங்க வந்து அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. வேறு கடையில் இதைவிட நல்ல சாசேஜ் கிடைக்கும். ஆனால் அங்கே பேச்சு கிடைக்காது.

அவள் நாக்கில் அதிகம் சீவப்பட்டவன் அவள் புருஷன் லூபோர்தான்.

லூபோர் ஸட்லௌகல் தண்ணீர் மீட்டர் படிக்கிறவன். ஸட்லௌகல் என்றால் அந்த ஊர்ப் பாஷையில் ஆணியை அடித்து இறக்கியவன் என்று அர்த்தம். "பேருல இருக்குற சுத்தியல் கையில வரலையே" என்று கல்யாணமான முதல் வருஷத்திலேயே மிலாடா சொல்லிவிட்டாள். அதற்கு முன்னால், தீயணைப்புப் படை நடத்திய நடன விழாவில் அவனை முதன்முதலாகப் பார்த்தபோது, அவள் மயங்கினதே அந்தக் கைகளைப் பார்த்துத்தான். நீளமான விரல், சுத்தமான நகம், பேசும்போது காற்றில் ஏதோ செய்து காட்டுவதுபோல ஒரு அசைவு. அவளுடைய அப்பாவுக்கும் தம்பிக்கும் இருந்தவை கைகளா, கோடாலிக் காம்புகள். இந்தக் கைகள் எதையாவது அழகாகச் செய்யும் என்று நம்பிக் கழுத்தை நீட்டினாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் காற்றில்தான் செய்து காட்டிக்கொண்டிருக்கின்றன.

மீட்டர் நிலவறையில்தான் இருக்கும் என்பதால், அதைப் படிக்கிறவனுக்கு ஊரில் எல்லா வீட்டு நிலவறையும் திறக்கும். மற்றவர்கள் வரவேற்பறையைப் பார்ப்பார்கள், இவன் நிலவறையைப் பார்ப்பான். எவன் வீட்டில் கடைசல் எந்திரம் இருக்கிறது, எவன் இழைப்புளிகளை வரிசையாகச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான், எவன் மரவேலை மேசைக்குத் தேக்கு எண்ணெய் பூசுகிறான், எல்லாம் அத்துப்படி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சூப்பைக் கிண்டிக்கொண்டே, "பட்டறைன்னா அது பட்டறை, மிலாடா" என்று பெருமூச்சு விடுவான். அடுத்தவன் பெண்டாட்டியை நினைத்து விட்டிருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள். அடுத்தவன் ரம்பத்தை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவனை என்ன செய்வது?

இப்படி ஆரம்பித்ததுதான் அவனுடைய பட்டறை. கார் நிற்க வேண்டிய கொட்டகையில் கார் நிற்கவில்லை. கார் பனியில் நின்றது. கொட்டகைக்குள்ளே உளிகள் வசதியாகக் கதகதப்பில் தொங்கின. பசை காயும்வரை மரத்தைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் மட்டும் ஒரு சுவர் முழுக்க. ஒவ்வொன்றின் உருவத்தையும் பலகையில் பென்சிலால் வரைந்து, அந்தக் கோட்டுக்குள்ளேயே மாட்டி வைத்திருந்தான். எதையும் எடுத்து வேலை செய்யாததால் எல்லாம் எப்போதும் கோட்டுக்குள்ளேயே இருந்தன.

செய்யவே இல்லை என்று சொன்னால் பாவம். செய்தான், முடிக்கவில்லை. மகள் ராட்காவுக்கு ஒரு பொம்மை வீடு ஆரம்பித்தான். கூரை வேலை நடந்துகொண்டிருந்தபோது ராட்கா நிஜ வீடு ஒன்றுக்கு, ப்ர்னோ நகரத்துக்கு, குடிபோய்விட்டாள். அடிப்பலகை இல்லாத பறவைக் கூடு ஒன்று செர்ரி மரத்தில் தொங்கியது. ஒரு சிட்டுக்குருவி வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தரை தெரிவதைக் கண்டு பறந்துபோனதை மிலாடா தன் கண்ணாலேயே பார்த்தாள். "குருவிக்கே தெரிஞ்சுபோச்சு, எனக்குத்தான் தெரியாமப்போச்சு" என்று அன்றைக்கு முழுவதும் கடையில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இலையுதிர்காலத்தில் லூபோருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இடுப்பிலிருந்து குதிகால்வரை ஒரு நரம்பு மின்சாரம் பாய்ந்த மாதிரி இழுத்தது. நிலவறைப் படிகளில் வருஷக்கணக்காகக் குனிந்து ஏறி இறங்கியதன் பலன். டாக்டர், நின்றுகொண்டே எந்த வேலையும் செய்யக் கூடாது, பட்டறையிலும் உட்கார்ந்தே செய்யுங்கள் என்றார். எந்த வேலை என்று மிலாடா அவரைத் திருப்பிக் கேட்டாள்.

பட்டறையில் நாற்காலி போட இடமில்லை. அவ்வளவு கருவி. அவள் கடை முடிந்து வரும்போது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி வந்தாள். மடக்கினால் கைப்பை மாதிரி தூக்கிக்கொண்டு போகலாம். லூபோர் அதை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"இதப் போய் மரப் பட்டறையில வைக்கச் சொல்றியா?"

"உக்காரத்தானே கேட்ட? உக்காரு."

"என் உளியெல்லாம் என்னப் பத்தி என்ன நெனைக்கும்?"

"உன் உளிங்க உன்னப் பத்தி நெனைக்கறத நெனைச்சா எனக்கே அழுகை வருது, லூபோர். அதுங்க வாங்கின நாள்ல இருந்து வேலைக்குக் காத்துக்கிட்டிருக்கு."

"நானே ஒண்ணு செய்யறேன். மரத்துல. மடக்குற மாதிரி. வேலை முடிஞ்சா மடக்கிச் சுவத்துல மாட்டிக்கலாம்."

மிலாடா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிளாஸ்டிக் ஸ்டூலைக் கடைக்கு எடுத்துப்போய், உறைபெட்டியின் மேல்தட்டு எட்டாத நேரத்தில் ஏறி நிற்பதற்கு வைத்துக்கொண்டாள்.

மடக்கு ஸ்டூல் ஒன்றும் பெரிய வித்தையில்லை. இரண்டு சட்டம். கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று குறுக்கே வெட்டி நிற்க வேண்டும். நடுவில் இரண்டு பக்கமும் ஒரு போல்ட். மேலே உட்காருவதற்கு மெல்லிய மரப்பட்டிகள், அதாவது ரீப்பர்கள், பாதி ஒரு சட்டத்தில், பாதி இன்னொரு சட்டத்தில், இரண்டு கை விரல்களைக் கோர்த்த மாதிரி. மடக்கும்போது விரல்கள் ஒன்றின் இடையில் ஒன்று புகுந்து போகும். இவ்வளவுதான். கை வந்த ஆசாரி ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டு பீர் குடிக்கப் போய்விடுவான்.

லூபோர் முதலில் படம் வரைந்தான். பிறகு அட்டையில் வெட்டினான். அட்டை ஸ்டூல் சமையலறை மேசைமேல் வாரக்கணக்கில் நின்றது. சாப்பிடும்போது அதை மடக்கி மடக்கிப் பார்ப்பான். நல்ல பீச் மரப் பலகை கிடைக்க வேண்டும் என்று சுற்றுவட்டாரத்து அறுவை மில்களுக்கெல்லாம் பனியில் போய்வந்தான். கிடைத்த பலகையைப் பட்டறையில் சும்மா சாய்த்து வைத்தான். மரம் இந்த இடத்துக்குப் பழக வேண்டுமாம்.

"எனக்குக்கூட இந்த வீடு பழகல. மரத்துக்கு எப்பப் பழகும்?" என்றாள் மிலாடா.

குளிர்காலம் பாதி போன பிறகுதான் ரம்பச் சத்தம் கேட்டது. நான்கு கால் அறுத்தான், குறுக்குச் சட்டம் அறுத்தான், முளை செதுக்கினான், துளை போட்டான், பசை வைத்தான், கிளாம்ப் போட்டான். அந்தக் கிளாம்ப்கள் கோட்டைத் தாண்டி வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. பசை காய்ந்தது. காலையில் மிலாடாவைக் கூப்பிட்டான். அவள் கடைக்குக் கிளம்பிய கோலத்தில் மேல்கோட்டை மாட்டிக்கொண்டே வந்து கதவருகில் நின்றாள்.

லூபோர் ஒரு சட்டத்தை எடுத்தான். இன்னொன்றை எடுத்தான். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகப் போனான். போகவில்லை. திருப்பிப் பிடித்தான். போகவில்லை. தலைகீழாகப் பிடித்தான். இரண்டு சட்டத்தையும் ஒரே அகலத்தில் செய்து வைத்திருந்தான். ஒரு கதவில் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்த இரண்டு குண்டு மனிதர்கள்போல இரண்டும் இடித்துக்கொண்டு நின்றன.

"உள் சட்டம் குறுகலா இருக்கணும்" என்றான் லூபோர் மெதுவாக, யாரோ அவனிடம் அப்போதுதான் சொன்னதுபோல.

அன்றைக்குக் கறிக்கடையில் வியாபாரம் நின்றுபோனது. மிலாடா இரண்டு வெட்டுப்பலகைகளை எடுத்து, ஒன்றை இன்னொன்றுக்குள் திணிப்பதுபோல நடித்துக் காட்டினாள். முகத்தை லூபோர் மாதிரியே நீட்டி, "இது கொஞ்சம் பழகணும்" என்றாள். தபால்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், இன்னும் நாலு பேரை அழைத்து வந்தாள். மறுபடி நடித்தாள். அதன்பிறகு யார் வந்தாலும், எத்தனை கிராம் வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் ஸ்டூலைத்தான் விசாரித்தார்கள்.

"என்ன மிலாடாம்மா, ஸ்டூலு எந்த மட்டுல இருக்கு?"

"கால் முளைச்சிருக்கு. இனிமே பல்லு முளைக்கணும்."

அவளுக்கு அது பிடித்திருந்தது, மறைப்பானேன். கறி வெட்டுகிற கடையில் ஒரு கதை வைத்திருப்பது, உறைபெட்டி நிறையச் சரக்கு வைத்திருப்பதுபோல. ஊரே அதைக் கேட்க வந்தது. நாலு பேர் சிரிப்பதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்போது, கால்வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது.

சிரிப்பு ஊரைச் சுற்றிவந்து லூபோரிடமும் போய்ச் சேர்ந்தது. ஒரு வீட்டு நிலவறையில் மீட்டரைப் பார்க்கக் குனிந்திருந்தபோது, அந்த வீட்டுக் கிழவர் ஒரே அளவுள்ள இரண்டு தகர டப்பாக்களை எடுத்து ஒன்றை இன்னொன்றுக்குள் வைக்கப் பார்த்தார். வைக்க முடியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு படியில் உட்கார்ந்து இருமல் வரும்வரை சிரித்தார்.

சாயங்காலம் லூபோர் பூண்டு சூப்பைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டான்.

"கடையில என்னப் பத்திப் பேசுறியா?"

"ஊரே பேசுது. நான் மட்டும் பேசக் கூடாதா?"

"பேசு. ஆனா சரியாப் பேசு. ரெண்டு எடது கால் செஞ்சுட்டேன்னு இன்னிக்கு மீட்டர் பாக்கப் போன வீட்டுக் கிழவரு சொல்றாரு. எடது கால்னு இதுல ஒண்ணும் கெடயாது. அகலந்தான் தப்பு."

"சரி, அகலம்னே சொல்றேன்."

மறுநாள் இதையும் சேர்த்துச் சொன்னாள். இதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். மனிதனுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் கோபம் வராவிட்டால், பார்க்கிறவர்களுக்கு அவன்மேல் இரக்கம் வருவதில்லை, இளப்பம்தான் வருகிறது. மிலாடாவுக்கும் அப்படித்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மேசையைக் குத்தி, "வாய மூடுடி" என்று சொல்லியிருந்தால் அவள் மூடியிருப்பாள் என்றில்லை. ஆனால் ஒரு ஆளோடுதான் வாழ்கிறோம் என்றாவது தோன்றியிருக்கும்.

இரண்டாவது ஸ்டூல் ஒன்றுக்குள் ஒன்று போனது. நின்றது. ஆனால் போல்ட்டுக்குப் போட்ட துளை ஒரு காலில் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. உட்காருகிற பலகை ஒரு பக்கமாகச் சரிந்தது. மிலாடா பீர் பாட்டிலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பாட்டில் நிதானமாக நகர்ந்து விளிம்புக்குப் போனது. இவள் பிடித்துக்கொண்டாள்.

"குடிகாரனுக்கு நல்லது. அவன் எப்படியும் அந்தப் பக்கம்தான் சாய்வான்."

லூபோர் ஸ்டூலைக் கழற்றி அடுப்புக்கு விறகாக அடுக்கினான். மறுபடி அறுக்க ஆரம்பித்தான். இடுப்பு வலி தாங்காமல் கவிழ்த்த பீர்ப்பெட்டியில் உட்கார்ந்துதான் வேலை செய்தான். ஸ்டூல் இல்லாததால்தானே அந்தப் பெட்டியில் உட்கார வேண்டியிருக்கிறது, உட்கார முடியாத ஒன்றைச் செய்யத்தானே இப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று மிலாடா தலையில் அடித்துக்கொண்டாள்.

வசந்தம் வந்தது. செர்ரி பூத்து உதிர்ந்தது. ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் பட்டறைக்குப் போனாள். உள்ளே லூபோர் இல்லை, தோட்டத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். சுவரில், கதவுக்குப் பக்கத்தில், ஏதோ தட்டையாக ஆணியில் தொங்கியது. அவள் அதை எடுத்தாள். கையில் கனமே இல்லை. விரித்தாள். சத்தமில்லாமல் விரிந்தது. ரீப்பர்களின் முனையெல்லாம் உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசியிருந்தது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கடையில் நாள் முழுக்க எலும்பைத் தொடுகிற கைக்கு அந்த வழவழப்பு விசித்திரமாக இருந்தது. உட்காரவில்லை. மடக்கி, இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டுப் போய், "உருளைக்கிழங்கு ஆறுது" என்று கத்தினாள்.

அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. எதையும் முடித்துப் பழக்கமில்லாதவனுக்கு, முடிந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

கடையிலும் அவள் சொல்லவில்லை. முடிந்துபோன ஸ்டூலில் என்ன கதை இருக்கிறது? "ஸ்டூலு எந்த மட்டுல?" என்று கேட்டவர்களுக்குப் புதிதாக ஒன்றொன்றாக இட்டுக்கட்டிச் சொன்னாள். பசை போடும்போது சட்டைக் கை ஒட்டிக்கொண்டது என்றாள். மடக்கினபோது அவனே உள்ளே மாட்டிக்கொண்டான் என்றாள். முன்னாலெல்லாம் நடந்ததைத்தான் கொஞ்சம் உப்புப் போட்டுச் சொல்வாள். இப்போது உப்பை மட்டும் பரிமாறினாள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அவளுடைய தம்பி அலோய்ஸுக்குத் தரை போடுகிற தொழில். ஊரில் பாதி வீட்டுப் பலகைத் தரை அவன் போட்டதுதான். பெரிய குரல், பெரிய வயிறு, பெரிய வண்டி. ஜூனில் அவனுடைய பெயர்நாள், காலண்டரில் அவன் பெயருக்கென்று குறித்திருக்கும் நாள், வந்தது. வருஷா வருஷம் தோட்டத்தில் விருந்து வைப்பான். தொலைபேசியில் சொன்னான்:

"அக்கா, மச்சானையும் கூட்டிட்டு வா, அந்த ஸ்டூலையும் கொண்டு வா. எல்லாரும் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. நான் உக்காந்து காட்டறேன். பாதில நின்னதா இருந்தாலும் சரி, பாதி பின்பக்கத்தால உக்காந்துக்கறேன்."

லூபோரைக் கேட்டால் தரமாட்டான். மிலாடா கேட்கவில்லை. அவன் சட்டை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஆணியிலிருந்து எடுத்து, கார் டிக்கியில் கம்பளிக்குக் கீழே வைத்தாள். ஏன் எடுத்தாள் என்று கேட்டால், உடையட்டும் என்றுதான். அலோய்ஸின் எடைக்குக் கீழே அது நொறுங்கும், சிரிப்பு கூரையைப் பிய்க்கும், அந்தக் கதை அடுத்த குளிர்காலம்வரை தாங்கும். இவ்வளவுதான் கணக்கு.

விருந்தில் லூபோரை இறைச்சி வாட்டுகிற அடுப்பருகில் நிறுத்திவிட்டார்கள். எந்த விருந்திலும் அவனுக்கு அந்த இடம்தான். புகையை விழுங்கிக்கொண்டு கழுத்துக்கறியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். மிலாடா காரிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து புல்வெளி நடுவில் விரித்து வைத்தாள். பீர்க் குவளைகளோடு எல்லாரும் கூடினார்கள்.

"கும்பிட்டுக்கங்கப்பா, அலோய்ஸ் ஏர்றான்" என்றான் ஒருவன்.

அலோய்ஸ் கையை அகல விரித்து, சிம்மாசனத்தில் உட்காருகிற ராஜா மாதிரிப் பின்னால் பார்த்துப் பார்த்து இறங்கினான். முகத்தைக் கோணிக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. முழுப் பாரத்தையும் வைத்தான். ஒரு கிறீச் சத்தம்கூட இல்லை. இடுப்பை அப்படியும் இப்படியும் ஆட்டினான். ஸ்டூல் புல்லில் அழுந்தியதே தவிர அசையவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்காக இழுத்து வைத்த மூச்சை மெல்ல விட்டார்கள். ஒரு பெண் குனிந்து ரீப்பரைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு" என்றாள். கடையில் மாதக்கணக்காகக் கதை கேட்டவள் அவள். நிமிர்ந்து மிலாடாவை ஒரு மாதிரி பார்த்தாள். மிலாடாவுக்கு, தராசுத் தட்டில் விரல் வைத்துப் பிடிபட்டதுபோலக் காதெல்லாம் சூடாகியது.

"கடையில வாங்கினது" என்று எழுந்தான் அலோய்ஸ். கவிழ்த்து ஒட்டுச்சீட்டு தேடினான். ஒட்டுச்சீட்டு இல்லை. தரை போட்டுப் பெரிய ஆளானவனுக்கு, மீட்டர் படிக்கிற மச்சான் செய்ததில் ஒரு குறையும் பிடிக்க முடியவில்லை என்பது பொறுக்கவில்லை. ஸ்டூலைத் திரும்ப விரித்தான். பிளம் சாராயக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, பூட்ஸ் காலோடு அதன்மேல் ஏறி நின்றான்.

"அலோய்ஸ், எறங்குடா" என்றாள் மிலாடா.

"என் மச்சானோட கைக்கு!" என்று கத்தி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, குதித்தான். தாங்கியது. இன்னொரு தடவை, முட்டியை மடக்கி, வெறி வந்தவன் மாதிரி குதித்தான். ஒரு ரீப்பர் படீரென்று முறிந்தது. கால் உள்ளே இறங்கியது, சட்டம் மடங்கிக் கணுக்காலைக் கவ்வியது, அலோய்ஸ் உருளைக்கிழங்கு சாலட் வைத்த மேசைமேல் சாய்ந்து, சாலட்டோடு புல்லில் விழுந்தான்.

அப்போது சிரித்தார்கள். காத்திருந்ததற்கெல்லாம் சேர்த்து வைத்துச் சிரித்தார்கள். விழுந்தவனும் சிரித்தான். "பாத்தீங்களா? குப்பை! நான் சொல்லல?" என்றான் தாடையில் மயோனைஸோடு.

லூபோர் இறைச்சித் தட்டோடு வந்தான். ஸ்டூலைப் பார்த்தான். தட்டைக் கீழே வைத்தான். வலியோடு மண்டியிட்டு, "அசையாத, தோல் உரிஞ்சுடும்" என்று அலோய்ஸின் பூட்ஸைக் கழற்றி, சட்டத்தை விரித்து, காலை விடுவித்தான். பிறகு முறிந்த ரீப்பரின் இரண்டு துண்டையும் புல்லில் தேடி எடுத்தான்.

"மச்சான், உன் வேலை இவ்ளோதான்" என்றான் அலோய்ஸ்.

"உக்காரத்தான் செஞ்சேன்" என்றான் லூபோர். நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தான். "இத யாரு எடுத்துட்டு வந்தது?"

எல்லார் கண்ணும் ஒரே பக்கம் போனது.

"நான்தான்" என்றாள் மிலாடா.

அவன் தலையை ஆட்டினான். ஏதோ மீட்டரில் எண்ணைச் சரிபார்த்துக்கொண்ட மாதிரி ஆட்டினான். ஸ்டூலை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வாசல்பக்கம் நடந்தான்.

"பாரு, பொணத்தத் தூக்கிட்டுப் போறான்!" என்றான் அலோய்ஸ்.

மிலாடா திரும்பினாள். கறிக்கடையில் அவள் பேசியதெல்லாம் பேச்சே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வாய மூடுடா. நீ பேசாத. நீ போட்ட தரையில நடந்தா, திருடன் வந்தாக்கூட நாய்க்கு வேலையில்ல, தரையே கொரைக்குது. எங்க வீட்டுக் கூடத்துல நீ போட்ட பலகை மொத மழைக்கே மேல எழும்புச்சு. தம்பியாச்சேன்னு ஊர்ல சொல்லல. அந்த மனுசன் மூணு தடவ அறுத்தான். மூணாவது தடவ நின்னுச்சு. உன் பொழப்புல நீ எத மூணு தடவ செஞ்சிருக்க, சாப்பிடறதத் தவுர? உடைக்கறதுக்கு என்ன வேணும்? எடை வேணும். அது பன்னிக்கும் இருக்கு. அதையாவது நான் கிலோ போட்டு விப்பேன், உன்ன என்ன பண்றது?" பிறகு மற்றவர்கள்பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சிரிப்பு? வாரா வாரம் எங்கிட்ட ஓசியில சிரிச்சீங்களே, போதாதா?"

யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்க் காரைக் கிளப்பினாள். அவர்களைத் திட்டினதில் பாதி தன்மேல் விழ வேண்டியது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தன்னைத் திட்டிக்கொள்கிற பழக்கம்தான் இல்லை.

பெச்வா ஆற்றோரச் சாலையில் லூபோர் போய்க்கொண்டிருந்தான். அவள் கார் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏறு."

அவன் நடந்தான்.

"இடுப்ப வச்சுக்கிட்டு எங்க நடக்கற? ஏறுன்னு சொல்றேன்ல."

நடந்தான். அவள் வண்டியை முதல் கியரிலேயே அவனுக்குப் பக்கத்தில் ஊர்ந்து ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கையை வெளியே நீட்டி, தாண்டிப் போங்கள் என்று காட்டிக்கொண்டே பேசினாள்.

"நீ ஒரு மடையன். முடிஞ்சுபோச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? வீட்டுல ஒரு மனுசி இருக்கான்னு ஞாபகம் வந்துச்சா?"

"நீ பாத்த" என்றான் அவன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "மாட்டுனது தலைகீழா இருந்துச்சு. நான் அப்படி மாட்ட மாட்டேன்."

அவள் கால் தன்னால் பிரேக்கை மிதித்தது. கார் குலுங்கி நின்று மறுபடி ஊர்ந்தது.

"பாத்துட்டும் கடையில ஏதேதோ சொல்லிக்கிட்டிருந்த. சட்டைக் கை ஒட்டிக்கிச்சாம். நான் அரைக்கை சட்டை போட்டுத்தான் பசை போடுவேன்."

"சரி. அது தப்பு."

"எது?"

"எல்லாந்தான். என்ன வரிசையாச் சொல்லணுமா? ஏறித் தொலை."

அவன் ஏறவில்லை. வீடுவரைக்கும் நடந்தான். அவளும் வீடுவரைக்கும் ஊர்ந்தாள். அன்றிரவு அவள் சூப்பு வைத்தாள், அவன் பட்டறையிலேயே ரொட்டி தின்றுகொண்டான். கதவை உள்பக்கம் தாழ் போட்டிருந்தான்.

ஒரு மாதத்துக்கு மேல் அவன் அவளிடம், தேவையானதைத் தவிர எதுவும் பேசவில்லை. முன்னாலும் அதிகம் பேசினவனில்லை. ஆனால் பேசாமலிருப்பதற்கும் பேச மறுப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். முறிந்த ரீப்பருக்குப் புதிது போட்டான். புது மரம் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. அதில் உட்கார்ந்துகொண்டு வேலை செய்தான். என்ன வேலை என்று கதவிடுக்கில் பார்த்தால் தெரியவில்லை, கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

மன்னிப்புக் கேட்பது மிலாடாவுக்கு வராது. அவளுக்கு வந்தது ஒன்றுதான். அதைச் செய்தாள். கடையில் அலோய்ஸ் குதித்த கதையைச் சொன்னாள். இந்தத் தடவை எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஸ்டூல் வசந்தத்திலேயே முடிந்துவிட்டதையும், தான் பொய் சொன்னதையும், உடையட்டும் என்று எடுத்துப் போனதையும் சேர்த்தே சொன்னாள். அந்தப் பகுதி வரும்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. சாலட்டில் விழுந்த பகுதிக்கு மறுபடி ஏறியது. அலோய்ஸ் கோபித்துக்கொண்டு, இறைச்சியைப் பக்கத்து ஊர்க் கடையில் வாங்க ஆரம்பித்தான். "வாங்கட்டும், அவன் போட்ட தரை அங்கயும் இருக்கு" என்றாள்.

கதை வழக்கம்போல ஊரைச் சுற்றி, ஏதோ ஒரு நிலவறையில் லூபோரின் காதுக்கும் போனது. கோடை முடிகிற சமயம். தக்காளி சாஸும் மாவுருண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவனாகவே பேச்சை எடுத்தான்.

"நீ நாள்பூரா நிக்கற. கடையில உனக்கு ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன். கல்லாவுக்குப் பின்னால எடம் கம்மி. மடக்குற மாதிரிதான் வேணும்."

மிலாடா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். கண் கலங்கினதுபோல ஒரு நொடி இருந்தது. சாஸில் மிளகு அதிகம்தான்.

"ஐயோ சாமி, வேண்டாம். அது முடியறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

"பாக்கலாம்" என்றான் லூபோர். கைகளைக் காற்றில் தூக்கி, உயரம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று காட்டினான். மறுநாளே பலகை பார்க்க அறுவை மில்லுக்குப் போனான்.

அவள் ஓய்வு பெற்ற அன்று அதற்கு மூன்று கால் தயாராகியிருந்தது.